காமாட்சியிடம் நான் கேட்ட கெடுதல்

காமாட்சி அம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் என் வணக்கம். நோய் தீர்ந்ததையும் பிள்ளை பிறந்ததையும் நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல. ஒரு பெண்மணிக்குக் கெடுதல் வர வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அது வந்தது. அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டையும், அம்மன் என்னைக் கரையேற்றிய விதத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் குமரேசன். வீடு ஏனாத்தூரில். இருபத்திரண்டு வருடமாகக் காஞ்சிபுரத்தில் கைடு வேலை. வெளிநாட்டுக்காரர்களையும் வடநாட்டுக்காரர்களையும் கோயில்களுக்கு அழைத்துப்போய் நம் மதத்தைப் பற்றி எடுத்துச் சொல்வேன். கொடிமரம் எதற்கு, கருவறை ஏன் இருட்டாக இருக்கிறது, நெற்றியில் ஏன் திருநீறு பூசுகிறோம், மறுபிறவி என்றால் என்ன என்று நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். எல்லாம் மனப்பாடம். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடும். தினமும் நான்கைந்து கோயில் வாசலை மிதித்தும், ஒரு நாள்கூட நின்று கைகூப்பி எதையும் கேட்டதில்லை. துணிக்கடையில் வேலை செய்பவன் துணியைப் பார்ப்பதுபோல நான் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா அடங்கியதற்கு அடுத்த வருடம் வசந்தா மேடம் இந்த வேலைக்கு வந்தார். பிள்ளையார்பாளையத்தில் வீடு. தறி நெய்துகொண்டிருந்த கணவர் கொரோனாவில் போய்விட்டார். இவர் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். பாவம் என்று நானே முதலில் இரண்டு குழுக்களை அவரிடம் அனுப்பிவைத்தேன்.

ஆறே மாதம். லாட்ஜ்காரர்கள் அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவர் கிடைக்காவிட்டால்தான் என்னை. என்னிடம் வருகிறவர்களும் காரிலிருந்து இறங்கும்போதே, "மேடம் வரலையா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். உள்ளுக்குள் கொதிக்கும்.

காலையில் பல் துலக்கும் முன்பே போனை எடுத்து, அவரைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். நல்லதாக எழுதியிருந்தால் அன்றைய பொழுது கெட்டது.

"காலங்காத்தால யாரைத் திட்டிக்கினு இருக்கீங்க?" என்று என் மனைவி செல்வி கேட்பாள். நான் திட்டுவது எனக்கே கேட்காது.

மேடம் கட்டும் புடவை பிடிக்கவில்லை. அவர் சிரிப்பது பிடிக்கவில்லை. "அந்தம்மா சொல்றதுல பாதி தப்புபா" என்று ஆட்டோக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தில் எனக்கு முன்னால் அவருடைய குழு போய்க்கொண்டிருந்தது. வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் அவரை நிறுத்தி, "உங்களுக்கு இத்தனை சாமி இருக்கிறதே, இதில் எது நிஜம்?" என்று கேட்டார். என்னிடம் ஆயிரம் பேர் கேட்ட கேள்வி. வேதத்திலிருந்து ஒரு வரி, கடலில் சேரும் நதிகள் என்று ஒரு உவமை, அதோடு முடித்துவிடுவேன். இவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று தூண் மறைவில் நின்றேன்.

வசந்தா மேடம் அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். "வேலை நல்லபடியாக நடக்கணும் என்றால் நான் பிள்ளையாரிடம் போவேன். பயமாக இருந்தால் காமாட்சியிடம் போவேன். என் கணவர் போன அன்று எந்தச் சாமியிடமும் போகவில்லை. கோபம். ஆனால் அன்றைக்கும் யாரோ என் பக்கத்தில் இருந்தார்கள். அவருக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் அழுதுவிட்டார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று எனக்கு வந்தது வேறு பொறாமை. ஆட்கள் அவரிடம் போகிறார்கள் என்பதற்கு அல்ல. இத்தனை வருடம் நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணிடம் நிஜமாகவே இருந்தது. என்னிடம் இல்லை. அவருடைய வாடிக்கையை நான் பிடித்துவிடலாம். இதை எப்படிப் பிடிப்பது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த ஆடி மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். கைடாக அல்ல. பெண்கள் கூட்டத்துக்கு நடுவே வரிசையில் நின்று போனேன். அம்மன் முகத்தைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, அந்தப் பொம்பளையோட வாயை மூடு" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து நான் மனம் ஒன்றி வேண்டிக்கொண்டது அதுதான்.

ஒன்பதாம் நாள் காலை, சன்னதித் தெருவில் பூக்கட்டும் அம்மா என்னைக் கூப்பிட்டார். "விஷயம் தெரியுமாபா? நம்ம மேடத்துக்கு வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சாம். பேச்சே சரியா வரலயாம்."

முகவாதம். தூங்கி எழுந்தபோது முகத்தின் இடது பக்கம் அசையவில்லையாம். உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு வர வேண்டிய குழுக்கள் என்னிடம் வந்தன.

மூன்றாம் நாள் பூனாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, கர்மா என்றால் என்ன என்று கேட்டார்கள். "நாம் செய்வது நம்மிடமே..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். வரவில்லை. தலைசுற்றுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் என் வாயைத் தொட்டுப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். மொட்டை போட்டேன். அம்மனை நூற்றெட்டுச் சுற்று சுற்றினேன். எதற்கு என்று செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. மேடத்துக்குக் குணமாகவில்லை என்று பூக்கார அம்மா தினமும் சொன்னார்.

கடைசியில் ஒரு நாள் உச்சிக்கால பூஜை நேரத்தில் அம்மன் முன் நின்று, "அம்மா, அவங்க வாயைத் திற. நீ என்ன சொன்னாலும் செய்யறேன். அவங்க முன்னாடி போய் நிக்க மட்டும் சொல்லாதே" என்றேன்.

சொல்லி முடித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கே போக வேண்டும் என்று. தீபாராதனைக்குக்கூட நிற்காமல் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன்.

மகள் கதவைத் திறந்தாள். மேடம் கண்ணாடி முன் உட்கார்ந்து ஒரு பலூனை ஊதப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன பயிற்சி. காற்றெல்லாம் வாயின் ஓரமாகப் போய்விட்டது. என்னைக் கண்டதும் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோக்காரர்களிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவருக்கு உதடு சேரவில்லை; ம, ப எழுத்துகள் சரியாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசினார்.

"எனக்கு இப்படி ஆனதுல உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

"ஒரு நாள் இருந்துச்சு மேடம்."

"ஒரு நாள்தானா?"

"ரெண்டு நாள்."

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரைக் காப்பாத்துன்னு இருபது நாள் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அவகிட்ட கேட்டேன் சார். நான் கேட்டதைக் குடுக்காதவ, நீங்க கேட்டதைக் குடுத்துட்டாளா? அவளைப் பத்தி என்ன நினைச்சீங்க நீங்க?"

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் செருப்பைப் போடும்போது அவரே கூப்பிட்டார்.

"சனிக்கிழமை ஒரு குரூப் வருது. வேணாம்னு சொல்ல மனசு வரல. மாஸ்க் போட்டுக்கினு வர்றேன். நான் மெதுவா சொல்றதை நீங்க சத்தமா சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது. அவர் என் காதருகே சொல்வார். நான் எல்லோருக்கும் சொல்வேன். பொறாமை அப்போதும் குத்தியது. இவருக்கு மட்டும் எப்படி இப்படித் தோன்றுகிறது என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் ஒருவருடைய வார்த்தையைத் தினமும் நம் வாயால் சொல்லும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக நமக்குள்ளும் இறங்குகிறது. தரிசனம் என்றால் நாம் சாமியைப் பார்ப்பது மட்டுமல்ல, சாமி நம்மைப் பார்ப்பதும்தான் என்று ஒரு நாள் அவர் சொல்லக் கேட்டு நான் சொன்னேன். சொல்லிவிட்டு நானே அம்மனைத் திரும்பிப் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை. கைலாசநாதர் கோயிலில் நின்றுகொண்டிருந்தோம். அவசரத்தில் நான் என் பழைய பாடத்துக்குப் போய், நதி, கடல் என்று ஆரம்பித்துவிட்டேன். மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "மனப்பாடம் வேணாம் சார்" என்றார்.

இருவரும் அப்படியே நின்றோம். ம வந்தது. ப வந்தது. உதடு இரண்டும் சேர்ந்திருந்தன. மாஸ்க்கைக் கழற்றி மறுபடி சொன்னார். நான் கோயில் புல்தரையிலேயே விழுந்து கும்பிட்டேன். வந்திருந்தவர்கள் இதுவும் ஒரு வழிபாட்டு முறை என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

இது நரம்பில் வரும் வீக்கம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கட்டும். முகத்தை மருந்தும் நாட்களும் சரிசெய்திருக்கும். கையெடுத்துக் கும்பிடத் தெரியாமல் இருந்த என்னை எந்த மருந்து அந்தப் பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது? அம்மனுக்கு நான் சொல்லும் நன்றி அதற்குத்தான்.

அன்பர்களே, நல்ல எண்ணம் வந்த பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். கெட்ட எண்ணம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும்.

எனக்குப் பொறாமை முழுதாகப் போய்விட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் ஒரு பெரிய வெளிநாட்டுக் குழு மேடத்தைத்தான் வேண்டும் என்று கேட்டு வந்தது. நேராக அவரிடமே போய், "மேடம், வயிறு எரியுது" என்றேன்.

"உள்ள வாங்க சார், மோர் இருக்குது" என்றார்.