மன்னிக்காமலே போன பாக்கியம் அக்கா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பதுளை அலுவலகத்தில் பழுதான கருவியொன்றைப் பிரித்து வைத்திருந்தபோது கைபேசி ஒலித்தது. "சேர், அம்மா போயிட்டாங்க" என்றார் சுமதி. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் கொம்பனிக்குப் பால் கொடுத்துவந்த பாக்கியம் அக்காவின் மகள் அவர்.

அக்காவுக்கு அஞ்சலி எழுதும் இந்தக் கையால், அவருக்குத் தீங்கு செய்தவரைப் பற்றியும் எழுதப்போகிறேன். சாவு வீட்டில் பழைய பகை எதற்கு என்பவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

அக்கா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், குடியிருந்து தேயிலைக் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்தபின் ஒரு பசுவை வாங்கி வளர்த்தார். விடியலில் கறந்து, கொம்பனி பால் சேகரிக்கும் கொட்டிலில் கொடுத்துவிட்டுத்தான் மலைக்கு வேலைக்குப் போவார். மழை பெய்தாலும் அவருடைய கேன்தான் வரிசையில் முதலில் நிற்கும்.

கொம்பனி ஒவ்வொரு கேனிலும் மின்னணு வில்லை பொருத்தியது. கருவியைக் காட்டினால் யாருடைய பால், எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லிவிடும். லொறியின் குளிர்ப்பெட்டியில் வெப்பநிலையைப் பதியும் சென்சர்களும் இருந்தன. எல்லாவற்றையும் பொருத்தியவன் நான். "இதுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும் அக்கா" என்று பெருமையடித்தேன்.

சில மாதங்களில் பால் புளித்துப்போய் பதுளைக்கு வரத் தொடங்கியது. முதலில் வந்த கேன்தான் முதலில் புளித்தது; வில்லையை வைத்து அது அக்காவுடையது என்று பிடித்தார்கள். போக்குவரத்துப் பொறுப்பாளர் (பெயரை எழுதவில்லை, படித்தால் அவருக்குத் தெரியும்) அக்காவின் கேனைத் திருப்பிக் கொண்டுவந்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கக் சாக்கடைக் கானில் ஊற்றினார். "லயத்துக் கையில என்ன சுத்தம் இருக்கும்?" என்றார். அத்தோடு பால் கொடுப்போர் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை நீக்கினார்கள். அவர் பசுவை விற்க வேண்டியதாயிற்று.

அப்போதே எனக்கு உண்மை தெரியும். லொறி தோட்டத்தைத் தாண்டியதும் குளிர்ப்பெட்டி நிறுத்தப்படுவதைச் சென்சர் நாள்தோறும் காட்டியது. மிச்சம்பிடித்த டீசலை அந்தப் பொறுப்பாளர் வெளியே விற்றுவந்தார். வேலை போய்விடுமென்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை.

"அந்த மிசினுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்னீங்களே தம்பி. என் பாலு எங்க கெட்டுச்சுன்னு அதுகிட்ட கேட்டீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

"வாற ஞாயித்துக்கெழம வாசிகசாலையில கூட்டம். கொழும்புல இருந்து கொம்பனிப் பெரியவங்க வாறாங்களாம். அங்க வந்து நீங்களே வாசிங்க."

போனேன். பால் நல்ல நிலையில் கொட்டிலைவிட்டுப் போன நேரத்தையும், குளிர்ப்பெட்டி நின்ற நேரத்தையும் நாள்நாளாக வாசித்தேன். முடித்துவிட்டு உட்காரப் போனபோது அக்காவின் குரல் வந்தது: "எப்ப இருந்து தெரியும்னும் சொல்லுங்க தம்பி." அத்தனை பேர் முன்னால் அதையும் சொன்னேன்.

பொறுப்பாளர் எழுந்து, மிசினில்தான் பிழை என்றார்.

"என் பேரச் சொன்னப்ப மட்டும் அது நல்ல மிசினா இருந்துச்சா?" என்றார் அக்கா.

பொறுப்பாளருக்கு வேலை போயிற்று. எனக்கு இன்றுவரை பதவி உயர்வு இல்லை, அது எனக்குத் தகும். அக்காவின் பெயரை மறுபடி சேர்த்தார்கள். பசு போனது போனதுதான்.

அக்கா நோயில் படுத்திருந்தபோது அந்த மனிதர் லயத்துக்கு வந்தார். தன்மேல் குற்றமில்லையென்று கடிதம் கொடுத்தால் வேறிடத்தில் வேலை கிடைக்கும் என்றார். அக்காவைப் பார்க்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். அக்கா இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"கடுதாசி வேணாம். கொட்டிலுக்கு வாங்க. ஆளுக எல்லாரையும் கூப்புடுறேன். ஊத்துனது தப்புன்னு அவங்க முன்னால சொல்லுங்க, நான் மன்னிக்கிறேன்."

அவர் எழுந்து போனார். வரவேயில்லை.

புதன்கிழமை சாவு வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தார். சுமதி வாசலிலேயே மறித்தார். "அம்மா சொன்ன எடத்துல சொன்னீங்களா? அப்ப இத எடுத்துட்டுப் போங்க." யாரும் சமாதானம் பேச முன்வரவில்லை. எனக்கும் மனமில்லை. தப்பு மேளம் முழங்க அக்காவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மலையேறியபோது, அவர் வளையத்தை மார்போடு பிடித்தபடி தேயிலைக்குள் ஒதுங்கி வழிவிட்டு நின்றார். லயமே அவரைத் திரும்பிப் பாராமல் நடந்துபோயிற்று.

நிம்மதியாகத் தூங்குங்கள் அக்கா. உங்கள் கோபத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.