அரை இஞ்ச் மாஸ்டரின் இடுப்பு

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "பிரமாதம் மாஸ்டர்!" என்று வாடிக்கையாளர் பூரித்துப் போனாலும் மாஸ்டர் விடமாட்டார். நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"கழட்டுங்க. இடது கை அரை இஞ்ச் தூக்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே."

இப்படித்தான் அவருக்கு அரை இஞ்ச் மாஸ்டர் என்று பெயர் வந்தது. பத்தொன்பது வயதில் அந்தத் தையல் கடையில் சேர்ந்தார். முதலாளி போன பிறகு கடையே அவருடையதாகிவிட்டது. முப்பத்து நாலு வருஷமாகத் துணி வெட்டுகிறார். எந்தத் தோள் இறங்கியிருக்கும், எந்த முதுகு கூன் போட்டிருக்கும் என்று அந்த வட்டாரத்து உடம்பெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் முதுகு ஒன்றுதான் பாக்கி. அதைக் குற்றம் சொல்ல முடியாது. யாருக்குத்தான் தன் முதுகு தெரிகிறது?

முதுகு வலி பத்து வருஷமாக உண்டு. தைலம் தேய்ப்பார், வலியை மறந்துபோய் வேலை பார்ப்பார், ராத்திரி அது ஞாபகப்படுத்தும். ஆனால் அது மானத்தை வாங்கியது மகள் வந்த அன்றைக்குத்தான்.

தூரத்து ஊரில் வேலை பார்க்கிற ஒரே மகள், ஐந்து வாரக் குழந்தையோடு ஒன்றரை மாசம் தங்க வந்திருந்தாள். பேத்தி! மொட்டு மாதிரி மூக்கு, கொட்டாவி விட்டால் முகம் மொத்தமும் வாயாகிவிடும். பிறந்ததிலிருந்து போனில் மட்டுமே பார்த்த மாஸ்டர், கட்டிலில் கிடந்தவளை ஆசையோடு குனிந்து இரண்டு கையாலும் ஏந்தினார்.

"அம்மா!"

இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குழந்தையை விடவும் முடியவில்லை. பாதி மூடின கத்தி மாதிரி அப்படியே நின்றார். மகள் குழந்தையை உருவிக்கொண்டாள். மனைவி பின்னாலிருந்து அவரை மீட்டாள். குழந்தை மட்டும் சிரித்தது. அந்த வயதில் அது சிரிப்பில்லை, வாயு என்றாள் மனைவி. மாஸ்டர் நம்பவில்லை.

மகள் அன்றைக்கே சட்டம் போட்டாள். "அப்பா, என்னிக்கு நீங்க கத்தாம குனிஞ்சு நிமிர்றீங்களோ, அன்னிக்குத்தான் பாப்பாவைத் தூக்கலாம். அதுவரைக்கும் மடியில வைப்பேன், நீங்களா எடுக்கக் கூடாது."

ட்ரையல் பார்க்கிற கோட்டு மாதிரிதான். போட்டுப் பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அந்த ட்ரையலும் ஐந்து நிமிஷம்தான். அதற்குமேல் அவரால் உட்கார முடியாது. பேத்திக்கோ தூக்கிக்கொண்டு நடந்தால்தான் தூக்கம் வரும். ஒன்றரை மாசத்துக்குள் அவளை ஒரு தடவையாவது தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்துவிட வேண்டும். மாஸ்டருக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லாமல் போனது.

வைத்தியம் அவருக்கா தெரியாது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே ஒரு இடுப்பு பெல்ட் கண்டுபிடித்திருந்தார். எட்டு இஞ்ச் அகலம், இரட்டைக் கேன்வாஸ், காலருக்கு வைக்கிற கெட்டிப் பக்ரம் உள்ளே, மேலே மூன்று வரிசைத் தையல். கட்டினால் ஆள் ஆணியடித்த மாதிரி நிற்பான். பாதித் தெரு அதைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தது. இப்போது தானும் ஒன்றை இறுக்கிக்கொண்டு கட்டிலில் படுத்தார். பத்து நாள் கழித்துக் கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உங்க பெல்ட்டு ஊரையே நிமிர்த்துதே, உங்களை மட்டும் ஏங்க கவுத்துடுச்சு?" என்றாள் மனைவி.

பதினோராவது நாள் மகள் அவரை அடுத்த தெருவிலிருந்த பிசியோதெரபி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே இருந்தது மகள் வயதுப் பெண். "டாக்டரம்மா" என்றார். "டாக்டர் இல்ல ஐயா, பிசியோ," என்றாள் அவள். மகள் கொண்டுவந்திருந்த பழைய எக்ஸ்ரேவைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, கால் மரத்துப் போகிறதா, நடக்கும்போது கால் இழுக்கிறதா, மூத்திரம் போவதில் சிக்கல் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். மகள் பக்கத்திலிருக்கும்போது இதையெல்லாமா கேட்பது என்று மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டே இல்லை, இல்லை, இல்லை என்றார்.

"நல்லது. பயப்பட ஒண்ணுமில்ல. பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் போட்டா, வலி எவ்வளவு?"

"ஆறரை."

"முழுசா சொல்லுங்க ஐயா."

"ஆறும் இல்லம்மா, ஏழும் இல்ல. ஆறரை."

அவள் அவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பெல்ட். நேராகப் போய் இரும்பு பீரோவின் கீழ் டிராயரை இழுத்தாள். உள்ளே மாஸ்டருடைய பெல்ட்டுகள் பதினொன்று அடுக்கியிருந்தன. அதில் ஒன்றுக்கு மேலே போர்த்திய சாம்பல் துணி யார் கோட்டில் மிஞ்சியது என்றுகூட அவருக்குத் தெரிந்தது.

"யாரோ ஒரு மகராசன் தெச்சுத் தள்றாரு," என்றாள் பிசியோ. "இதைக் கட்டிக்கிட்டு நாள் கணக்குல படுத்துக் கிடந்தா, இடுப்புச் சதைக்கு வேலையே இல்லாமப் போயிடுது. சதை சோர்ந்தா வலி ஏறும். வலி ஏறினா பெல்ட்டை இன்னும் இறுக்குவாங்க. கடைசியில எங்கிட்ட வருவாங்க, நான் கழட்டி இங்க போடுவேன்."

"அப்படியா," என்றார் மாஸ்டர் ஈனக் குரலில். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆனா தையல் என்னமோ அருமை. இந்த ஒண்ணுல மட்டும்தான் கடைசி வரிசை கோணல்."

"அது நான் தெச்சதில்ல!" மாஸ்டருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "அது எங்க கடைக் காஜா அக்கா தெச்சது! பட்டனுக்குக் காஜா எடுக்கிறதோட நிறுத்திக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?"

பிசியோ கையிலிருந்த பெல்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓ," என்றாள் பிசியோ. "நீங்கதானா அது."

மாஸ்டர் தாமாகவே பெல்ட்டைக் கழற்றி டிராயரில் போட்டார். பன்னிரண்டு.

அவள் அதோடு விடவில்லை. "வேலை பாக்கிற மாதிரி நின்னு காட்டுங்க," என்றாள். சிகிச்சைக் கட்டிலை வெட்டுகிற மேசையாக நினைத்துக்கொண்டு மாஸ்டர் வளைந்து நின்றார். அந்தக் கட்டிலுக்குக் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று இருந்தது. அவள் மிதிக்க மிதிக்கக் கட்டில் உயர்ந்தது, கூடவே மாஸ்டரின் முதுகும் நிமிர்ந்தது. கட்டில் அவருடைய மடக்கின முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்தி, "இப்ப?" என்றாள்.

இப்போது கை தானாக மேசைமேல் ஓடியது. முதுகுக்கு வேலையே இல்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தார். நாற்பத்தொன்று.

"உங்க கடை மேசை எவ்வளவு?"

"முப்பத்திரண்டு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பழைய முதலாளி குட்டை ஆள். அவர் உயரத்துக்குப் போட்ட மேசை. மாஸ்டர் தலை கதவு நிலையில் இடிக்கிற உயரம். பத்தொன்பது வயதில் முதலாளி மேசையை மாற்றச் சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் கேள்வியே வரவில்லை. அரை இஞ்சுக்காகக் கல்யாண மாப்பிள்ளையையே நிறுத்தி வைத்தவர், ஒன்பது இஞ்சை, அதாவது பதினெட்டு அரை இஞ்சை, முப்பத்து நாலு வருஷம் முதுகில் சுமந்திருக்கிறார்.

"அளவு எடுக்கத் தெரியாத டைலர்," என்றாள் மகள்.

மறுநாள் மேசையின் ஒவ்வொரு காலுக்கும் மூன்று செங்கல் அடுக்கி, அசையாமல் சுற்றிலும் கட்டை அடித்தார்கள். பன்னிரண்டு செங்கல். இடுப்பின் பத்து வருஷக் கோபத்துக்கு இதுவா பதில் என்று மாஸ்டருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பெரிய வியாதியாக இருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம்.

காஜா அக்காவுக்கு இப்போது மேசை நெஞ்சுக்கு வந்தது. "உங்க இடுப்பு நிமிர என் தோள்பட்டை போகணுமா மாஸ்டர்?" என்றாள். அவளுக்கு ஒரு பலகைப் படி போட்டார்கள். அன்றிலிருந்து அவள் மாஸ்டரைச் சம உயரத்தில் நின்று திட்டினாள்.

மேசை மட்டும் போதாது என்று பிசியோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்க வேண்டும். நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்ட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை வேலையை விட்டு நிமிர வேண்டும். வலிக்கும், கொஞ்சம் வலித்தால் தப்பில்லை, படுத்துவிடக் கூடாது.

மாஸ்டர் கூடத்தில் நாலு காலில் நின்றார். பக்கத்து விரிப்பில் பேத்தி குப்புறக் கிடந்து தலையைத் தூக்கப் பார்த்தாள். தாத்தா தலை நடுங்கிற்று, பேத்தி தலையும் நடுங்கிற்று.

"ரெண்டு பேருல யாரு முதல்ல தவழ்றாங்கன்னு பாப்போம்," என்றாள் மனைவி.

அப்புறம் தூக்குகிற பயிற்சி. கால்களை அகட்டி, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, பொருளை நெஞ்சோடு அணைத்து, காலின் பலத்தில் எழ வேண்டும். இதற்காக மாஸ்டர் வெட்டுத் துணிகளைத் திணித்து ஒரு மூட்டை தைத்தார். வாரா வாரம் பேத்தியின் எடையைக் கேட்டு, அதே அளவுக்கு மூட்டையிலும் துணி சேர்ப்பார். கடைசி வாரம் மூட்டை ஐந்தரைக் கிலோ. கடைக்கு வருகிறவர்கள், மாஸ்டர் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசல் வரை நடந்து திரும்புவதைப் பார்த்துவிட்டு, கோட்டு எப்போது ரெடியாகும் என்று கேட்காமலே போனார்கள்.

வலி மூன்றரைக்கு வந்தது, பிறகு இரண்டுக்கு. மகள் ஊருக்குப் போகிற காலைதான் பரீட்சை என்று பேசி வைத்திருந்தார்கள். மாஸ்டர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். பதினொரு மணிக்கு டாக்சி. மகள் அந்தத் தாழ்ந்த கட்டில்மேல் வளைந்து குழந்தைக்கு அணையாடை மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அப்படித்தான் மாற்றினாள். முடித்துவிட்டுக் குழந்தையை எடுக்கக் கை நீட்டினாள்.

"அம்மா!"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, போற நேரத்துல மறுபடியுமா?"

"நான் இல்லடி. உன் பொண்ணு."

மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீறிட்டது. மாஸ்டர் போனார். காலை அகட்டினார், முழங்காலை மடக்கினார், நெஞ்சோடு அணைத்தார், எழுந்தார். ஒரு சத்தம் வரவில்லை. மூட்டை இப்படி வெதுவெதுப்பாக இருந்ததில்லை. மூட்டை கழுத்தில் எச்சில் வடித்ததுமில்லை. இத்தனை நாள் பாடுபட்ட பரீட்சையைப் பார்த்துப் பாஸ் என்று சொல்லத்தான் ஆளில்லை. வாசல் வரை போய்த் திரும்புவதற்குள் அழுகை நின்றுவிட்டது. பேத்தி அவர் கழுத்து டேப்பை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கால் மரத்துப் போகுதா?" என்று மகளைக் கேட்டார்.

"இல்லப்பா. சுளுக்குதான்."

"மூத்திரம் போறதுல..."

"அப்பா!"

"சரி சரி. கேக்கணும். ஊருக்குப் போனதும் முதல்ல ஒரு பிசியோவைப் போய்ப் பாரு."

மகள் மெல்ல எழுந்து பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா... உங்க பெல்ட்டு ஒண்ணு மிச்சம் இருந்தா குடுங்களேன். பயணத்துக்கு மட்டும்," என்றாள்.

மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பெல்ட்டெல்லாம் டிராயருக்குப் போயிடுச்சு. நீ அங்க பாப்பாவுக்குத் துணி மாத்துற மேசை எவ்வளவு உயரம்?"

"யாரு அளந்தா? முழங்காலுக்குக் கொஞ்சம் மேல வரும்."

வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. மாஸ்டர் டேப்பை எடுக்கப் பார்த்தார், பேத்தி விடவில்லை. அதனால் குழந்தையைத் தோளில் போட்டபடியே நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி மகளைப் பார்த்தார்.

"அந்த டாக்சிக்காரரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு," என்றார் மனைவியிடம். "நீ நேரா நில்லும்மா. முழங்கையை மடக்கு. இன்னும் அரை இஞ்ச்."