மேப்புல இல்லாத வீடு

பிள்ளைங்களா, பெரிய பாப்பா கிளாஸுல நடந்த பெற்றோர் கூட்டத்தைச் சொல்றேன். டீச்சர் பெரிய திரையில மேப்பைப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையோட வீட்டையும் விரலால பெருசாக்கிக் காட்டினாங்க. கோயில், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் தாண்டி நம்ம வீட்டுக்கு வந்தா, அங்க வெறும் நீலம்தான். நாம இருக்கிறது ஏரிப் புறம்போக்கு இல்லையா.

"ஏம்மா, தண்ணிக்குள்ளயா குடியிருக்க?"னு டீச்சர் பாப்பாவைப் பார்த்துக் கேட்டாங்க.

"அவ மீனு, டீச்சர்! அதான் கிட்ட வந்தா நாத்தம்!"னு கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் கத்தினான்.

டீச்சரும் சிரிச்சாங்க, வந்திருந்த பெத்தவங்களும் சிரிச்சாங்க. "சரி, அடுத்தது யாரு?"னு விரலை நகர்த்திட்டாங்க. பாப்பா, நீ என் பக்கம் திரும்பவே இல்ல.

மறுநாள் நீங்க ஸ்கூலுக்குப் போனதும், கூரைமேல ஏறினேன். வானத்துலருந்து பார்த்துத்தானே மேப் போடறாங்கன்னு, தகரம் பூரா மஞ்சள் பெயிண்ட் அடிச்சேன்.