ஓட்டுநரின் மணிக்கட்டு

என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் சால்ட் லேக்கில் எங்கள் ஃப்ளாட்டுக்கு முதல் முறை வந்தபோது, கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற ரேஸ் கார்களைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் திரும்பினார். "இதெல்லாம் நீ பண்றதா? இத்தன நாளாச் சொல்லவே இல்லயே" என்றார். என் கணவருக்கு ஒரு ஸ்க்ரூவை நேராக முடுக்கத் தெரியாது. அவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். நான் அங்கே டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

வார நாட்களில் நான் செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். பிறர் எழுதிய நிரலில் தவறு தேடுவது என் வேலை. சனி, ஞாயிறு வந்தால் சின்னக் கார்கள். நிஜக் காரில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி முடிப்பதோடு நிற்பதில் எனக்கு ஆசை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. ஒரு குறிப்பிட்ட கார், ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே செய்ய வேண்டும். எந்தக் கதவு நசுங்கியிருந்தது, எந்த விளக்கின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பேன்.

மறு வாரம் அந்த நண்பர் ஒரு புகைப்படத்தோடு வந்தார். கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அகலம். அவருடைய அப்பா வங்கி அதிகாரி. அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில்தான் இருக்கிறது. அப்பா ஒரு வங்காளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பழைய குடும்பக் காரின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தகட்டை வளைத்துத் தானே உடம்பு கட்டி, ஊருக்கு வெளியே கைவிடப்பட்டிருந்த விமான ஓடுதளத்தில் நடந்த ஒரு போட்டியில் ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஓட்டவில்லை. கார் விற்கப்பட்டுவிட்டது. அப்பா இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன.

"இதப் பண்ணித் தர முடியுமா? உள்ள அப்பாவும் உக்காந்திருக்கணும்" என்றார்.

"என்ன கலர்ண்ணா?"

"சிவப்பு" என்றார், யோசிக்காமல்.

படத்தில் திறந்த கார் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. பக்கவாட்டில் வட்டத்துக்குள் ஏழாம் எண். ஹெல்மெட்டும் பெரிய கண்ணாடியும் போட்ட ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். முகம் என்று தெரிவது தாடை மட்டும்தான். காரின் பக்கத்தில் தரையில் ஒரு சதுர டின்.

அந்த டின்தான் எனக்கு முதலில் உதவியது. அது பழைய மண்ணெண்ணெய் டின். எங்கள் பேட்டை 'முடி' கடையில், வங்காளிகள் பொரியை அப்படித்தான் சொல்வார்கள், இன்னும் அதே மாதிரி டின்களில்தான் பொரியைக் கொட்டி வைக்கிறார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கடைக்காரர் நான் நகராட்சியிலிருந்து வந்திருப்பதாக நினைத்து, முதல் தரமான பொரி என்று மூன்று முறை சொன்னார். உயரம் முப்பத்தைந்து சென்டிமீட்டர். அதை வைத்துச் சக்கரத்தின் விட்டம், அதை வைத்துக் காரின் நீளம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கு வந்தது. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, புட்டி பூசி, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மூன்று வாரத்தில் உடம்பு உருவாகிவிட்டது.

பிறகு ஓட்டுநர். வேறொரு பெட்டியில் மிஞ்சிய பொம்மையை எடுத்து, படத்தில் இருப்பது போலக் கைகளை வெட்டி ஒட்ட நினைத்தேன். அதற்காகப் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்கினேன். சட்டைக் கை தடிமனாக நான்கைந்து சுற்று மடிக்கப்பட்டிருந்தது. சொந்தச் சட்டையை யாரும் இவ்வளவு மடிக்க மாட்டார்கள். மடிப்புக்கும் கையுறைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் மணிக்கட்டு தெரிந்தது. அதில் இரண்டு கோடுகள். ஒன்று பளிச்சென்று வெள்ளை, ஒட்டினாற்போல் இன்னொன்று கருமை.

கீறலாக இருக்கும் என்று முதலில் விட்டேன். ஆனால் கீறல் நேராகப் போகும். இவை மணிக்கட்டின் வளைவோடு வளைந்திருந்தன. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வாட்ச் ஸ்ட்ராப்" என்றார்.

"ரெண்டு கையிலயுமா?"

அவர் குனிந்து பார்த்தார். வலது மணிக்கட்டிலும் அதே வெள்ளை, அதே கருமை. கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடும் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

நண்பரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. நிறத்தை அவருடைய அம்மாவிடம் உறுதி செய்துகொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை கரியாஹாட் போனேன். புடவைக் கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. நண்பர் மீன் வாங்கப் போயிருந்தார். எண்பதை நெருங்கும் அவருடைய அம்மா தனியாக இருந்தார். நான் அவரை வங்காள வழக்கப்படி மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டேன். அவர் என்னிடம் தமிழில் பேசினார். மாமியாரிடம் கற்ற தமிழ், 'ச' எல்லாம் 'ஷ' ஆகிவிடும்.

"ஷிவப்பா? யார் ஷொன்னா? அவன் அப்போ பொறக்கவே இல்ல. கருநீலம். என் கல்யாணப் பெனாரஷிப் புடவை நீலம். அதைத்தான் பெயிண்ட் கடையில கொண்டுபோய்க் காட்டினார், இந்தக் கலர்ல குடுங்கோன்னு."

"போனெட் மேல மட்டும் கறுப்பாத் தெரியறதே, மாஷிமா?"

"அது பளபளப்பு இல்லாத கறுப்பு. மூணாவது திருப்பத்துல ஷூரியன் நேர் எதிர்ல வரும். நீலத்துல பட்டுக் கண்ல அடிக்கும். ரோடே தெரியாது."

சொல்லும்போது அவர் கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டார். நான் கைப்பேசியில் பெரிதாக்கி வைத்திருந்த படத்தை எடுத்து அவர் முன் வைத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இப்போது வெறுமையாக இருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஷோனோ" என்றார். கேள் என்று அர்த்தம். "எங்க அம்மா ஷொல்லி அனுப்பிச்சிருந்தா, எது நடந்தாலும் இதக் கழட்டாதேன்னு. கழட்டினா அவருக்கு ஆகாதுன்னு பயம். கையுறைக்குள்ள போயிடும்னு நெனச்சேன்."

போட்டி நாளன்று காலை ஒத்திகை ஓட்டத்தில் ரேடியேட்டர் சூடாகியிருக்கிறது. அவர் கணவர் அவசரத்தில் மூடியைத் திறக்க, கொதிக்கும் தண்ணீர் வலது கையில் கொட்டிவிட்டது. போட்டிக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"எட்டு மாஷம் ரெண்டு பேரும் அந்த வண்டியோட கெடந்தோம். நான்தான் அதிகம் ஓட்டிப் பழகியிருந்தேன். நீ இப்ப இருக்கியே ஷால்ட் லேக், அது அப்போ வெறும் மணல். வீடு கெடையாது, மரம் கெடையாது. அங்கதான் ஓட்டினேன். அவர் கையப் பாத்தார், என்னப் பாத்தார். ஷட்டையக் கழட்டிக் குடுத்தார்."

"யாருக்குமே தெரியாதா?"

"ஒரு மெக்கானிக்குக்குத் தெரியும். வீட்டுல மாமியார்கிட்ட யார் ஷொல்றது? கை ரேஷுக்கு அப்புறம் வெந்ததுன்னு ஷொன்னோம். அடுத்த வாரமே பாங்க்ல எல்லாரும் அவருக்கு மாலை போட்டுட்டா. பாவம், கூச்சமா நின்னார். அப்புறம் ஷொல்ற நேரம் தாண்டிப் போயிடுத்து."

"எத்தனாவதா வந்தேள்?"

"பதினோரு வண்டியில ஆறாவது" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் நிமிர்வு இருந்தது.

எனக்கு அடுத்துக் கேட்க வேண்டியது கஷ்டமாக இருந்தது. அவர் மகன் கேட்டது அப்பாவின் பொம்மையை. நான் யாரை உட்கார வைப்பது?

"ஃபோட்டோல என்ன இருக்கோ அதப் பண்ணு" என்றார் மாஷிமா. "கூட்டாதே, குறைக்காதே."

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அந்த ஈரத்தில் பெயிண்ட் அடித்தால் பால் பூத்தது போல வெளுத்துவிடும். இரண்டு முறை அப்படி ஆகி, கருநீலத்தைச் சுரண்டி மறுபடி அடித்தேன். பொம்மையின் தோள்களைச் சீவிக் குறுக்கினேன். புட்டியை மெல்லிய தாளாக உருட்டிச் சட்டைக் கை மடிப்புகள் செய்தேன். பழுதான இயர்ஃபோன் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த தாமிர இழையைக் கோணி ஊசியின் மேல் சுற்றி வெட்டினால் வளையல் வந்தது. நான்கு வளையல்களுக்கு வெள்ளையும் சிவப்பும் பூச ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. தும்மினால் போய்விடும் என்று கணவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழே தெருவில் நடக்க இடமில்லாத கூட்டம். நண்பர் பெட்டியைத் திறந்து, காரை மேஜையில் வைத்து, சுற்றிச் சுற்றி வந்தார்.

"நீலமா?" என்றார்.

"நீலம்தான்" என்றார் மாஷிமா, நாற்காலியிலிருந்து.

நண்பர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு சுவரிலிருந்து, நான் திருப்பிக் கொடுத்திருந்த அசல் புகைப்படத்தைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மா, துமி?" என்றார். அம்மா, நீயா? எங்களிடம் எப்போதும் தமிழ் பேசுகிறவருக்கு அப்போது வங்காளம்தான் வந்தது.

மாஷிமா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நண்பருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. "இத்தன வருஷமா, பாக்கறவா கிட்டயெல்லாம் அப்பா ஓட்டினார், அப்பா ஓட்டினார்னு சொல்லிண்டு திரிஞ்சிருக்கேன். ரெண்டு பேரும் கேட்டுண்டு சும்மா இருந்திருக்கேள்."

"நீ ஷொல்றப்போ அவ்வளவு ஷந்தோஷமா ஷொல்லுவே. எப்படித் தடுக்கறது?"

நண்பர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. நாற்காலியை அம்மாவின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"க்ளட்ச்சுக்குக் கால் எட்டித்தா?"

"எட்டலை. முதுகுக்குத் தலகாணி வெச்சிண்டேன்."

"திருப்பத்துல எந்த கியர்?"

"ரெண்டு. நாலாவதுல மட்டும் மூணு. அங்க ஒருத்தனத் தாண்டினேன்."

இப்படியே அரை மணி நேரம் போனது. மாஷிமா மேஜை விரிப்பில் விரலால் ஓடுதளத்தை வரைந்து காட்டினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு காரை அளக்கத் தெரிந்த எனக்கு, அதற்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

"அப்பா என்ன பண்ணிண்டிருந்தார் அப்போ?" என்று நண்பர் கடைசியில் கேட்டார்.

"வேலி ஓரமா, கைய ஒரு வாளித் தண்ணிக்குள்ள விட்டுண்டு நின்னார். நான் ஒவ்வொரு ஷுத்து வரும்போதும் தொண்டை கிழியக் கத்தினார். எஞ்ஜின் ஷத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை. வேகமா, வேகமான்னு கத்தறார்னு நெனச்சு இன்னும் அழுத்தினேன்." மாஷிமா சிரித்தார். "மெதுவாப் போ, மெதுவாப் போன்னு கத்தினாராம். வீட்டுக்குப் போறப்போ டாக்ஸியில ஷொல்றார்."