புகைபோக்கி இல்லாத வீடு

அப்பா கட்டிய ஒரே வீடு இங்கிலாந்தில் இருந்தது. கடலுக்கு இப்பால் நாங்கள் குடியேறியிருந்த செயின்ட்-மிஷேலில், எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் கம்பளத் தரையில் இருந்தபடிதான் அதைக் கட்டினார்.

அப்போது எனக்கு ஏழு வயது. டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றும்போது இடுப்புப் பிடித்து, அந்தப் பனிக்காலம் முழுக்க அப்பா வீட்டோடு இருந்தார். பொழுது போகட்டும் என்று சித்தி ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதிலிருந்த ஆயிரம் அட்டைத் துண்டுகளைப் பொருத்தினால் ஒரு படம் வரும். பச்சை வயல்களுக்கு நடுவே மிகப் பழைய இங்கிலாந்துப் பண்ணை வீடு. வெள்ளைச் சுவரெங்கும் கறுத்த மரச்சட்டங்கள். கூரை தூக்கக் கலக்கத்தில் சற்றுச் சாய்ந்திருந்தது.

ஊர் உலகமெல்லாம் ஓரத்துத் துண்டுகளைத்தான் முதலில் தேடும். அப்பா கதவு நிலையைத் தேடினார்.

"நிலை வைக்காமல் ஆரும் வீடு கட்டுவினமோ?"

கலண்டரில் நாள் பார்த்து, ஒரு புதன்கிழமை காலை என் கையால் நிலை வைப்பித்தார். தையல் தொழிற்சாலைக்குப் போகிற அவசரத்திலும் அம்மா அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அப்பாவும் படத்துக்குள் போய்விடுவோம். வெளியே பனி கொட்டும், எங்கள் வயலில் வெயிலடிக்கும். மேல் சன்னல் அறை எனக்கு, கீழே அப்பாவுக்கு ஒரு சாய்மனைக் கதிரை. பல நாள் அந்த வயலில் நடந்தபடியே தூங்கிப்போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

அதற்கும் அப்பா ஒருநாள் கெடு வைத்தார்.

"இந்த வீடு முடிய நான் வேலைக்குப் போயிடுவன்."

வீடு முடியக்கூடாது என்று தீர்மானித்தேன். புகைபோக்கித் துண்டை எடுத்து என் பனிச் சப்பாத்துக்குள் போட்டேன். ஒரு கிழமை முழுக்க அதை மிதித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

பால் காய்ச்சிக் குடிபுக இருந்த ஞாயிற்றுக்கிழமை, கூரைக்கு மேலே ஓர் ஓட்டை. அப்பா சோபாவுக்கு அடியில் தேடினார். பிறகு வாசலுக்குப் போய் என் சப்பாத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார். அவர் அதை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்தார்.

"புகைபோக்கி இல்லாத வீட்டில எப்பிடிப் பால் காய்ச்சுறது? இருக்கட்டும், பிறகு பாப்பம்."

அம்மா பாலை இறக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பால் வீணாகிறதே என்ற கவலை போலும் என்று நினைத்தேன். சப்பாத்துக்குள் இருந்த துண்டை அவர் காணவில்லை என்றே நம்பினேன்; அப்பாவை ஏய்த்துவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

இனி வரவேண்டாம் என்று அப்பாவின் வேலையிடத்துக் கடிதம் வந்து அப்போது ஒன்பது நாளாகியிருந்தது. அந்த வீடு முடியாமல் இருக்கவேண்டும் என்ற ஆசை என்னைவிட அப்பாவுக்குத்தான் அதிகம் என்பது அன்று எனக்குத் தெரியாது.