மானுக்கு எட்டாத அட்சதை

தங்கையின் கல்யாணத்துக்கு இருபது பேர்தான். இடம், நகரத்துக்குள்ளேயே இருக்கும் தேசியப் பூங்கா. பறவை பார்க்கப் போன இடத்தில்தான் அவளும் மாப்பிள்ளையும் பழகினார்கள். அங்கேயே தாலி கட்டிக்கொள்ள ஆசை. அனுமதி வாங்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து மூன்று தடவை போய்வந்தேன். கொசு கடிக்குமோ, குரங்கு பாயுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயம். ஆனாலும் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டே கையெழுத்துப் போட்டேன். மேளம் கூடாது, தீ கூடாது, உணவுப்பொருள் கூடாது. சாப்பாடு கொரட்டூரில் அம்மா வீட்டில்தான் என்பதால் கடைசி நிபந்தனையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, இடத்தைக் காட்ட வந்த வனக்காவலர் என் பொருள் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா மேடம், அட்சதைன்னு எழுதிக்கீறீங்க?”

“அது சாப்பாடு இல்லைங்க. மஞ்சள் கலந்த அரிசி. தாலி கட்டும்போது தலையில தூவுவோம்.”

“நீங்க தூவிட்டுப் போய்டுவீங்க. மான் இன்னா, கும்புட்டுட்டா போவும்? துன்னும். அப்பால யாரைப் பாத்தாலும் கைய மோந்துகினு வந்து நிக்கும்.”

அட்சதையை நான் அதுவரை அரிசியாக நினைத்ததே இல்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஹோமம் கிடையாது. பெரியவர்கள் போடும் அட்சதைதான் எல்லாம். நான் கொரட்டூர் போனபோது அம்மா முனை முறியாத அரிசியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முறத்தைத் தள்ளி வைத்தார்.

“மண்டபம் வேணாம்னீங்க, சரின்னேன். மேளம் வேணாம்னீங்க, அதுக்கும் சரின்னேன். அட்சதை போடாத எடத்துல எனக்கு இன்னா வேலை? நீங்களே போய் கட்டிக்கினு வாங்க. நான் ஊட்ல சமைச்சு வைக்கிறேன்.”

“அம்மா வரலன்னா அங்க வேணாம்க்கா” என்றாள் தங்கை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அட்சதை பற்றிக் கேட்டிருக்க வேண்டுமோ என்று அன்று முழுவதும் மனம் குடைந்தது.

மறுநாள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது என் வளைகாப்பு நினைவுக்கு வந்தது. அன்று பெண்கள் அரிசியும் பழமும் என் மடியில்தான் இட்டார்கள். ஒன்றுகூடத் தரையில் விழவில்லை.

உடனே காவலருக்குப் போன் செய்தேன். “தூவ மாட்டோம். தலையைத் தொட்டுட்டுப் பொண்ணோட முந்தானையில போடுவோம். அப்படியே முடிச்சுப் போட்டு ஊட்டுக்கே எடுத்துக்கினு வந்துடுவோம்.”

அவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். “ஒரு மணி வுழுந்தாலும் நீங்கதான் பொறுக்கணும், மேடம்.”

அன்றே கொரட்டூர் போய்ச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தங்கையைக் கூடத்தில் நிற்கவைத்து, முந்தானையை ஏந்தச் சொல்லி, அவள் தலையைத் தொட்டுக் கைப்பிடி அரிசி போட்டார். முடிச்சுப் போட்டு வாசல்வரை நடக்கவிட்டார். பிறகு குனிந்து தரையெல்லாம் பார்த்தார். ஒரு மணிகூட இல்லை.

“அங்க ஒக்கார நாற்காலி கெடைக்குமா, பாய் எடுத்துக்கணுமா?” என்று கேட்டார்.

அதை நான் விசாரித்திருக்கவில்லை. “கெடைக்கும்மா” என்று சொல்லிவிட்டு, மறுபடி காவலருக்குப் போன் செய்ய பால்கனிக்குப் போனேன்.