கயிற்று வேலிக்குள் இரண்டு

எனக்குத் தந்த சதுரம் பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். நான்கு மூலையிலும் முளை அடித்திருந்தது. டூட்டிங்கில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பதினொரு தரிப்பு தள்ளி, லண்டனுக்குள்ளேயே கிடக்கும் பொது வெளி அது. சத்தில்லாத மணல் நிலம், முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூப் புதர்கள். இரண்டாயிரங்களின் நடுவில், ஓய்வு பெற்ற பிறகு, அங்கே தொண்டர்களோடு சேர்ந்தேன். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவன் என்று சொன்னதும், அந்த வெளியைப் பராமரிக்கும் இளம் ஆங்கிலப் பெண் என்னை எண்ணும் வேலைக்கு விட்டுவிட்டார்.

எண்ண வேண்டியது ஒரே ஒரு வகைச் செடி. அதற்குத் தமிழில் ஒரு பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வளர்ந்து முடிந்தாலும் என் சுண்டுவிரல் உயரம் வராது, பூ கடுகளவு. ஒரு கோடையோடு செத்துவிடும். உதிர்ந்த விதை அடுத்த வருடம் முளைத்தால்தான் உண்டு. அந்த வெளி முழுவதிலும் என் சதுரத்தில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது. முதல் கோடையில் முழங்காலில் நின்று, பூதக்கண்ணாடி வைத்து மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் நாற்பத்து மூன்று. அதில் இருபத்தொன்பது வடகிழக்கு மூலையில் இருந்தன.

இலையுதிர்காலத்தில் இயந்திரம் வந்து சுற்றியிருந்த புல்தரையைச் சுரண்டி எடுத்தது. வசந்தத்தில் ஐந்து மாடுகள் வந்தன. அந்தப் பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினார். புல் மூடினால் இந்தச் செடிக்கு வெளிச்சம் கிடைக்காது. மாடு மேய வேண்டும், மண்ணை மிதித்துக் கிளற வேண்டும். கேட்கும்போது விளங்கியது. பஸ்ஸில் ஏறியதும் விளங்காமல் போனது. நாற்பத்து மூன்று செடியின் விதை, ஐந்து மாடு. கால் இருபது, குளம்பு பிளந்தது என்று பார்த்தால் நாற்பது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு ஒன்றைக் காப்பாற்ற வேலி அடைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. அந்தச் சனிக்கிழமை பதினாறு மூங்கில் தடியும் ஒரு பந்து நைலோன் கயிறும் கொண்டு போனேன். மரக்கறிக் கடை வைத்திருக்கும் நண்பர் தன் வான் வண்டியில் ஏற்றிப் போனார். வடகிழக்கு மூலையைச் சுற்றித் தடிகளை ஊன்றி மூன்று வரி கயிறு இழுத்தோம். மாடு வெருளட்டும் என்று அவருடைய கடைப் பைகளைக் கிழித்துக் கட்டினோம்.

"அண்ணை, பக்கத்துக் காணிக்காரன் ஆர்? மாடோ?" என்றார் நண்பர்.

"பகிடி விடாமல் கயிற்றைப் பிடி."

"பிடிக்கிறன். ஆனா ஒரு சாண் அங்கால தள்ளிப் போட்டிடாதேங்கோ. பிறகு மாடு கோட்டில வழக்குப் போட்டிடும்."

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வேலியைக் கண்டார். கோபப்படவில்லை. எடுத்துவிடுங்கள் என்றார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அந்த வாரத்தோடு அவர் பிரசவ விடுப்பில் போனார். நான் எடுக்கவில்லை.

மாடுகள் ஐந்தும் கடைப் பைகளைக் கண்டு சுற்றிப் போயின. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலிக்குள் புல் பச்சைப் பசேலென்று எழும்பியது. அதையும் நல்ல அறிகுறி என்றே நினைத்தேன்.

கோடையில் எண்ணினேன். வேலிக்கு வெளியே, குளம்பு பதிந்த குழிகளிலும் சுரண்டிய மண்ணிலும் எழுபத்தொன்று. வேலிக்குள் புல்லை விலக்கி விலக்கி ஐந்து தரம் தேடினேன். இரண்டு. அவையும் வெளிறி, நூல்போல நின்றன.

எண்ணிக்கையை எழுதி அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. மொத்தம் எழுபத்து மூன்று என்று எழுதினால் போதும். போன வருடத்தைவிட முப்பது கூட. எல்லோரும் கை தட்டுவார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன்.

"எழுபத்து மூண்டு பொய்யோ?" என்று கேட்டார்.

"இல்லை. சரியான கணக்கு."

"அப்ப ஏன் சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறியள்? விசரே? வேலியையும் எழுதி அனுப்புங்கோ."

கட்டத்துக்கு வெளியே எழுதினேன்: வேலிக்குள் இரண்டு, வெளியே எழுபத்தொன்று, வேலி என்னுடையது. அனுப்பி நான்காம் நாள் அந்தப் பெண் விடுப்பில் இருந்தபடியே தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த மூலையின் விதை இன்னும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கலாம், வேலியை எடுத்துவிட்டுப் புல்லைக் கொத்திக் கிளறுங்கள் என்றார். மாடுகளைக் குளிர்காலத்துக்கு வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம்.

"அப்போது மிதிப்பது யார்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான்," என்றார். அது தண்டனையா, வேலையா என்று குரலிலிருந்து தெரியவில்லை.

ஒக்டோபரில் பதினாறு தடிகளையும் பிடுங்கினேன். மண்வெட்டியால் புல்லைப் புரட்டினேன். பிறகு ரப்பர் சப்பாத்தோடு அந்த மூலையில் நின்றேன். கால் எழவில்லை. கோவிலுக்குள் செருப்போடு நிற்பது போல இருந்தது.

"நடவுங்கோ அண்ணை," என்றார் நண்பர். "மாட்டுக்கு இவ்வளவு யோசனை இல்லை."

நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு அடிவரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

அடுத்த கோடையில் அந்த மூலையில் பதினெட்டுச் செடிகள் இருந்தன. நான்காம் தரம் எண்ணி முடித்து எழும்பும்போது ஒரு மாடு நேராக வந்தது. "ஏய்!" என்று கையை ஓங்கிவிட்டேன். அது நின்று என்னைப் பார்த்தது. நான் கையை இறக்கி, இரண்டு அடி பின்னால் போய் வழி விட்டேன். அது மிதித்துக்கொண்டு போனது. குனிந்து திரும்ப எண்ணினேன். பதினேழு.

பதினெட்டா, பதினேழா, எதை எழுதுவது? விடுப்பு முடிந்து வந்திருந்த அந்தப் பெண்ணிடம் கேட்கலாம் என்று படிவத்தோடு நடந்தேன். கீழே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன்.